டர்பன் பெரேயாவில் ஓர் உளவியல் ஆலோசனையகம்: கோப்பும் பில்லும்

இந்த மதிப்புரையில் உளவியலாளரின் பெயரோ முகவரியோ தொலைபேசி எண்ணோ இராது. ஒரு கடையைப் பற்றியோ உணவகத்தைப் பற்றியோ எழுதும்போது பெயரை மறைத்தால் அந்த எழுத்தால் யாருக்கும் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கடைசி அமர்வில், இங்கே எனக்குக் கிடைத்த சேவையைப் பற்றி எழுதலாமா என்று நான் கேட்டபோது அவர் சொன்ன பதில் என்னை யோசிக்க வைத்தது. "எழுதுவது உங்கள் உரிமை, நான் அதைக் கேட்கவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். நீங்கள் புகழ்ந்தாலும் ஏசினாலும் என்னால் ஒரு வரிகூடப் பதில் எழுத முடியாது, நன்றி என்று எழுதினாலே நீங்கள் என்னிடம் வந்தவர் என்பதை நான் உறுதிப்படுத்தியதாகிவிடும்," என்றார். தம்மிடம் வருகிறவர்களிடம் பாராட்டுரை கேட்டு வாங்குவதும் அவர்கள் தொழிலின் ஒழுக்க விதிகளுக்குப் பொருந்தாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் எழுத்தைச் சரளமாக வாசிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். அவர் பெயரை நான் எழுதினால் அடுத்த வாரமே என் பெயரும் கோயில் வாசலில் பேசப்படும். ஆகவே பெயர் இல்லை. இருந்தும், இப்படிப்பட்ட ஓர் இடத்தை எப்படி எடைபோடுவது என்று தேடுகிறவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

நான் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பதினோர் ஆண்டுகளாக வேலை பார்க்கிறவள். மனத்தைப் பற்றிய சிகிச்சை நல்லதா, போதுமானதா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் என் கண் முதலில் போவது அலமாரிக்கும் பூட்டுக்கும் பில் புத்தகத்துக்கும்தான். பதினோரு மாதங்களில் பத்தொன்பது அமர்வுகளுக்குச் சென்ற அனுபவத்தில், அங்கே கோப்பு எப்படி வைக்கப்படுகிறது, என் கதை எத்தனை கைகளுக்குப் போகிறது, பணம் எப்படிக் கேட்கப்படுகிறது என்ற மூன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவை மூன்றும் தனித்தனி விஷயங்கள் அல்ல என்பதை நான் கற்றுக்கொண்டது வேறோர் இடத்தில், சற்று வேதனையான முறையில்.

அந்த முதல் இடத்துக்கு நான் 2023இல் போனேன். திருமண வாழ்க்கையில் எங்களுக்குள் பேச்சு அற்றுப்போயிருந்த காலம் அது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல், வேலை நேரத்தில் மதிய இடைவேளையைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு மூன்று முறை போனேன். வரவேற்பறையில் இருந்த பெண் என் முழுப் பெயரையும் உரக்கக் கூப்பிட்டதையும், அங்கே காத்திருந்த ஒருவர் என் ஊர்ப் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்ததையும் நான் பொறுத்துக்கொண்டேன். நான்கு பக்கப் படிவம் ஒன்றில் கையெழுத்திட்டேன். என் தொழிலில் பிறர் கையெழுத்திடும் ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்கிற நான், அன்று ஒரு வரியையும் வாசிக்கவில்லை.

இங்கே வேலை பார்க்கும் குடும்பங்களில் பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவச் செலவுத் திட்டம் இருக்கும். எங்கள் வீட்டில் என் கணவர் முதன்மை உறுப்பினர், நானும் மகளும் அவரைச் சார்ந்தவர்கள். எந்த மருத்துவரிடம் யார் போனாலும் கணக்கு அறிக்கை அவருடைய மின்னஞ்சலுக்கு வரும். அந்த மாதம் வந்த அறிக்கையில் மூன்று தேதிகளும் தொகையும், அவற்றுக்கு எதிரே 'இசட் 63.0' என்ற குறியீடும் இருந்தன. தாம் அறியாத தொகை என்பதால் யாரோ மோசடியாகப் பில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்த என் கணவர், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்த, மருந்துக்கடையில் வேலை செய்யும் நண்பரிடம் அதைக் காட்டினார். நண்பர் கைப்பேசியில் தேடி, நல்ல எண்ணத்துடன், உரக்கவே வாசித்தார்: கணவன் அல்லது மனைவியுடனான உறவில் உள்ள சிக்கல்கள். நான் அப்போது ரசம் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

இதில் வருத்தம் என்னவென்றால், கண்டிப்பாகப் பார்த்தால் எவரும் சட்டத்தை மீறவில்லை. நோய்களுக்கும் உடல்நலச் சிக்கல்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐசிடி-10 என்ற குறியீட்டு வரிசைதான் அது. 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின்படி, மெடிக்கல் எய்டுக்குப் போகும் ஒவ்வொரு பில்லிலும் அந்தக் குறியீடு இருக்க வேண்டும். அந்த உளவியலாளர் வெளியில் ஒரு சொல்லும் பேசியிருக்க மாட்டார் என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் பில் பேசிவிட்டது. அது பேசும் என்று எனக்கு முன்கூட்டியே ஒருவரும் சொல்லவில்லை. படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் சொல்லியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பரில், பெரேயாவில் உள்ள இந்த இடத்துக்குப் போனேன். இம்முறை போவதற்கு முன் எச்.பி.சி.எஸ்.ஏ. என்று எல்லாரும் சொல்லும் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்முறைகள் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஐரெஜிஸ்டர் என்ற அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவு நடப்பில் உள்ளதா, எந்தப் பிரிவு என்பதெல்லாம் அதில் தெரியும். கடைத்தெருவில் பலகை மாட்டிக்கொண்டு வாழ்க்கை வழிகாட்டி என்று சொல்லிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் உங்கள் கதையை வெளியில் சொன்னால் பிரிட்டோரியாவில் உள்ள அந்த மன்றத்தில் புகார் செய்ய வழியில்லை. இவர் மருத்துவ உளவியலாளர் என்ற பிரிவில் பதிவு பெற்றவர். முதல் நாள் பழக்கத்தில் அவரை நான் டாக்டர் என்று அழைத்தேன். தாம் முதுகலைப் பட்டத்துடன் பயிற்சி முடித்தவர், டாக்டர் அல்ல என்று உடனே திருத்தினார். அந்தத் திருத்தமே எனக்குப் பிடித்திருந்தது.

பழைய வீடு ஒன்றை அறைகளாக மாற்றிய இடம் அது. பெரேயாவில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. வெளியே பலகையில் குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும், தொழில் எழுதப்படவில்லை. முன்கதவால் நுழைந்தால் பக்கக் கதவால் வெளியேறலாம்; இரண்டு அமர்வுகளுக்கு நடுவே பதினைந்து நிமிட இடைவெளி விடுவதால், பதினோரு மாதங்களில் எனக்கு முன்னால் போனவரையோ பின்னால் வந்தவரையோ ஒரு முறைகூட நான் பார்க்கவில்லை. நினைவூட்டும் செய்தியில் நேரம் மட்டுமே வரும், 'நாளை 4.15' என்று. எந்த இடம், எதற்காக என்று இராது. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்த்தாலும் பல் மருத்துவரோ தையற்காரரோ என்றுதான் நினைப்பார்.

முதல் அமர்வின் முதல் இருபது நிமிடங்கள் என் பிரச்சினையைப் பற்றியவை அல்ல. அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று கட்டங்கள் போட்டார். முதல் கட்டம் அவர் மட்டும் பார்ப்பது. இரண்டாவது, கணக்கு எழுதும் உதவியாளர் பார்ப்பது. மூன்றாவது, மெடிக்கல் எய்ட் பார்ப்பது. நான் சொல்வதில் எது எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று என்னையே கேட்டு எழுதினார். உதவியாளருக்குப் பெயர், தேதி, தொகை ஆகியவை மட்டுமே தெரியும். அமர்வுக் குறிப்புகள் உள்ள கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் அவரிடம் இல்லை. அவரும் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். பிறகு, இந்த வரையறைகள் எப்போது உடையும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். குழந்தை ஒன்று துன்புறுத்தப்படுவதாக நியாயமான சந்தேகம் எழுந்தால் 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். நீதிமன்றம் ஆணையிட்டால் பதில் சொல்ல வேண்டும். என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் அவர் வாளாவிருக்க மாட்டார். இவற்றைத் தவிர மற்றவற்றுக்கு என் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 'எல்லாம் இரகசியம்தான், கவலைப்படாதீர்கள்' என்று முதல் இடத்தில் ஒரே வரியில் சொன்னார்கள்; இங்கே இரகசியமாக இருக்க முடியாதவற்றைப் பத்து நிமிடம் பேசியதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இனி பில். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் எனக்குத் தெரிந்த பலர் இதை அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். அவர் என் முன் வைத்த வழிகள் இவை: மெடிக்கல் எய்டுக்கு நேராக அனுப்பலாம், அப்போது குறியீடு போகும், அறிக்கை முதன்மை உறுப்பினருக்கு வரும். அல்லது நானே என் கணக்கிலிருந்து கட்டிவிட்டு, குறியீட்டுடன் கூடிய பில்லை என் கையில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு மனம் மாறினால் நானே அதைத் திட்டத்துக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பின்வரும் நான்காவது மாதத்தின் கடைசி நாள்வரை அதற்கு அவகாசம் உண்டு. இந்த நான்கு மாதக் கணக்கு எனக்குப் புதிய செய்தி. நோயாளி விவரத்தை வெளியிட மறுத்தார் என்று பொருள்படும் 'யு 98.0' என்ற ஒரு குறியீடும் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் திட்டம் பணம் தர மறுக்கக்கூடும் என்றும், அந்தக் குறியீடே வீட்டில் ஒரு கேள்வியை எழுப்பும் என்றும் சொன்னார். உண்மைதான், மூடிய உறை, திறந்த கடிதத்தைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தும். நான் முதல் ஆறு அமர்வுகளுக்கும் கைப்பணம் கட்டினேன்.

ஏழாவது அமர்வில் நான் ஒரு தவறான யோசனை சொன்னேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். உறவுச் சிக்கல் என்ற 'இசட்' குறியீட்டுக்குத் திட்டம் பணம் கொடுத்தால் அது திட்டத்துக்குள் எங்களுக்கென உள்ள சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகும். ஆண்டின் நடுவிலேயே அது காலியாகிவிடும். பெரும் மனச்சோர்வு நோய்க்கு 'எஃப்' வரிசையில் குறியீடு போட்டால் கதை வேறு. எல்லாத் திட்டங்களும் கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பயன்களின் பட்டியலில் அது இருக்கிறது. மருத்துவமனையில் தங்காமல் வெளியிலிருந்து பெறும் உளவியல் சிகிச்சைக்குப் பதினைந்து அமர்வுகள்வரை அதன்கீழ் கேட்கலாம். எனக்கும் சோர்வு இருக்கத்தானே செய்கிறது, 'எஃப் 32' என்று போட்டுவிடுங்களேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. அந்த நோயறிதலுக்கு உரிய அளவுகோல்களை எடுத்து என்னுடனேயே ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் நிலை அதில் பொருந்தவில்லை. "இல்லாத நோயை எழுதினால் அது திட்டத்திடம் பொய் சொல்வது மட்டும் அல்ல; உங்கள் கோப்பிலும் பொய். நாளைக்கு நீங்கள் ஆயுள் காப்பீடு கேட்கும்போது, மனநோய்க்குச் சிகிச்சை பெற்றீர்களா என்று கேட்பார்கள். அப்போது எந்தப் பதிலை எழுதுவீர்கள்?" என்றார். என் அலுவலகத்தில் யாராவது ஒரு செலவை வேறு தலைப்பில் எழுதச் சொன்னால் நான் சொல்லும் பதிலை அவர் எனக்குச் சொன்னார்.

கட்டணம் அறுபது நிமிடத்துக்கு 1,250 ராண்ட். முதல் அமர்வு எழுபத்தைந்து நிமிடம், கட்டணம் அதே. என் திட்டம் அங்கீகரிக்கும் தொகை இதைவிடக் குறைவு. மிச்சம் நம் கையிலிருந்துதான். இந்தத் தொகை தொலைபேசியில் முதல் முறை பேசும்போதே எனக்குச் சொல்லப்பட்டது. சிகிச்சையின் செலவையும் சேர்த்தே நோயாளிக்கு விளக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் சொல்கிறது. கேட்டால் கட்டணத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், வழக்கத்தைவிட அதிகம் வாங்குவதானால் கேட்காமலே தெரிவிக்க வேண்டும் என்று 1974ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்முறைகள் சட்டத்தின் 53ஆம் பிரிவும் சொல்கிறது. சட்டம் இருப்பது வேறு, தொலைபேசியை எடுப்பவர் தயங்காமல் தொகையைச் சொல்வது வேறு. நான் இதற்கு முன் அழைத்துக் கேட்ட இரண்டு இடங்களில் 'அது உங்கள் மெடிக்கல் எய்டைப் பொறுத்தது' என்றுதான் பதில் வந்தது. வருமானம் குறைந்தவர்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் ஒரு சில இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறார். அவை எப்போதும் நிறைந்தே இருக்கின்றன. அதுவும் இயலாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் உளவியல் பிரிவுகள் இருக்கின்றன; தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழு என்ற சாடாக் அமைப்பின் உதவித் தொலைபேசியும் இருக்கிறது. இந்தத் தகவலை அவரே ஒரு தாளில் அச்சிட்டு வைத்திருக்கிறார். தமது கட்டணத்தைக் கட்ட முடியாதவருக்கு வேறு வழி காட்டும் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை.

கடன் நிலுவை பற்றிய பத்தியும் படிவத்தில் தெளிவாக இருந்தது. பணம் வராவிட்டால் முப்பது நாள் முன்னறிவிப்புக்குப் பிறகே வசூல் நிறுவனத்துக்குப் போகும். போனாலும் பெயர், தேதி, தொகை ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் போகாது. நிலுவை இருக்கிறது என்பதற்காக அவசர சிகிச்சைக்குத் தேவைப்படும் பதிவுகளை நிறுத்திவைக்க மாட்டார்.

எனக்கு ஒப்பாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள் மாலை, அமர்வுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். நான் வர இயலாது என்று செய்தி அனுப்பிவிட்டு அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணம் என்று படிவத்தில் இருந்தது, நானும் கையெழுத்திட்டிருந்தேன். வராத அமர்வுக்கு மெடிக்கல் எய்ட் பணம் தராது. ஆகவே 1,250 ராண்டும் என் பையிலிருந்து போயிற்று. கேட்டபோது அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்க முடியாமல் போனதை விளக்கினார். ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் யாருடைய துயரம் பெரியது என்று தாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். வாதம் சரியாகத்தான் இருக்கிறது. இருந்தும் பாதிக் கட்டணம் என்று ஒரு நடுவழி வைத்திருக்கலாம் என்ற என் எண்ணம் மாறவில்லை. அந்தப் பில்லில் நோய்க் குறியீடு போடாமல், 'வராத சந்திப்பு' என்று உண்மையை உண்மையாகவே எழுதியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை நடந்த அமர்வாகக் காட்டித் திட்டத்திடம் வாங்கிவிடுகிறவர்கள் இல்லாமல் இல்லை.

கோப்பைப் பற்றி. பத்தாவது அமர்வுக்குப் பிறகு என் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பாதி ஆர்வம், பாதி தொழிற்பழக்கம். பொபியா என்று இங்கே சுருக்கமாகச் சொல்லும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் இயற்றப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. நம்மைப் பற்றி ஒருவர் என்ன தகவல் வைத்திருக்கிறார் என்று கேட்கவும், தவறு இருந்தால் திருத்தக் கோரவும் அது உரிமை தருகிறது; உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. அடுத்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்கி, பக்கத்தில் அமர்ந்து, புரியாத சொற்களை விளக்கியபடி என்னை வாசிக்க விட்டார்.

பெரிய பெரிய பக்கங்களை எதிர்பார்த்திருந்தேன். ஓர் அமர்வுக்கு ஏழெட்டு வரிகள்தான். தேதி, நேரம், பேசிய பொருள், அவருடைய கணிப்பு, அடுத்து என்ன. நான் அழுதபடி சொன்ன சில விஷயங்கள், குறிப்பாக என் நாத்தனார் குடும்பத்தைப் பற்றியவை, அதில் இல்லவே இல்லை. ஏன் என்றேன். "அவர்கள் என்னிடம் வரவில்லை, அவர்களைப் பற்றி நான் எழுதி வைக்க அவர்கள் சம்மதிக்கவும் இல்லை. உங்கள் சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு 'கணவர் வீட்டாருடன் மனக்கசப்பு' என்று இருக்கிறதே," என்றார். எதை எழுதுவது என்பதைப் போலவே எதை எழுதாமல் விடுவது என்பதிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஓரிடத்தில் என் மகளின் வயதைத் தவறாக எழுதியிருந்தார். சுட்டிக்காட்டினேன். அழிக்கவில்லை, வெள்ளை மையும் பூசவில்லை. தவறான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் உள்ள எண் வாசிக்கும்படி. அருகே சரியான எண், தேதி, கையொப்பம். மன்றத்தின் பதிவேட்டு வழிகாட்டி நெறி அப்படித்தான் சொல்கிறது. பேரேட்டில் எண்ணைத் திருத்த எனக்கு மதுரையில் என் முதல் முதலாளி கற்றுக்கொடுத்த முறையும் எழுத்துக்கு எழுத்து இதுதான். சிரித்துவிட்டேன், அவருக்குக் காரணம் புரியவில்லை.

கோப்புகள் மேல்மாடியில் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. மறையாக்கம் செய்த மின்னணு நகல் ஒன்று வேறிடத்தில் இருக்கிறது. மேல்மாடி என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நட்டாலில் நானூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தத் துயரத்தின் முன் காகிதம் ஒரு பொருட்டல்ல. ஆனாலும் தரைத்தளத்தில் இருந்த எங்கள் அலுவலகத்தில் நனைந்து கூழாகிப்போன கணக்குப் புத்தகங்களை வெயிலில் காயவைத்தபோது, இவை யாருடைய வாழ்க்கைக் கதையாகவோ இருந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தது உண்டு. வாசிக்கக் கூடிய பக்கங்கள் தெருவில் மிதந்து போயிருக்கும். அவர் இறந்துபோனாலோ தொழிலை விட்டாலோ அலமாரிச் சாவி யாரிடம் போகும் என்று கேட்டேன். அதுவும் படிவத்தில் இருந்தது: இன்னொரு பதிவுபெற்ற உளவியலாளர், பெயருடன்.

மொழி பற்றிய குறை ஒன்று உண்டு, அது அவருடைய தவறு அல்ல. அவர் 1860க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். கோயிலில் பாடும் தேவார வரிகள் வாயில் வரும், ஆனால் பேசுவது ஆங்கிலம் மட்டுமே. 'மனசு ஒட்டல' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் பத்து நிமிடம் தடுமாறினேன். "மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம், ஆனால் அவரும் ஒரு செவி. இந்த ஊரில் தமிழ் தெரிந்த செவி எந்தச் செவி என்று நீங்களே யோசியுங்கள்," என்றார். வேண்டாம் என்றேன். கடைசியில் சில தமிழ்ச் சொற்களை நான் அப்படியே சொல்ல, அவர் ஒலிபெயர்த்து எழுதிக்கொண்டு, பொருளை என்னிடமே கேட்டு அடைப்புக்குறிக்குள் எழுதினார். என் கோப்பில் இப்போது அப்படி ஆறு சொற்கள் இருக்கின்றன.

பதினான்கு வயதான என் மகளையும் அவரிடமே அழைத்துவரட்டுமா என்று கேட்டபோது மறுத்துவிட்டார். தாயின் கதையைக் கேட்ட அதே காதால் மகளின் கதையைக் கேட்டால் இருவருக்கும் நியாயமாக இருக்க முடியாது என்றார், வேறொருவரைச் சொன்னார். மகள் அங்கே ஐந்து முறை போனாள். பன்னிரண்டு வயது நிறைந்து, போதிய முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தன் மருத்துவச் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்று இங்கே சட்டம். தன் பதிவுகளைத் தானே கேட்டுப் பார்க்கவும் முடியும். பணம் கட்டியவள் நான். என்ன பேசினாய் என்று ஒரு நாள் காரில் கேட்டேன். 'அம்மா, உங்களுடைய கோப்பை நான் கேட்டேனா?' என்றாள். மதுரையில் என் அம்மாவிடம் நான் இப்படிப் பேசியிருந்தால் அன்று இரவு எனக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது.

என் கணவரைப் பற்றி ஒரு வரி. எட்டாவது அமர்விலிருந்து பில்லை மெடிக்கல் எய்டுக்கே அனுப்பச் சொன்னேன், அதே 'இசட் 63.0' குறியீட்டுடன். ஏனெனில் அதற்கு முந்தைய ஞாயிறு நானே அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்வதா வேண்டாமா, எப்போது சொல்வது என்பதை இம்முறை நான் தீர்மானித்தேன். அறிக்கை வந்தபோது அவர் தொகையை மட்டும் பார்த்து, சேமிப்புக் கணக்கில் எவ்வளவு மீதி என்று கேட்டார்.

கடைசி அமர்வு 2025 ஆகஸ்டில் முடிந்தது. கோப்பு செயலற்றுப் போன நாளிலிருந்து குறைந்தது ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சிறாருடையது என்றால் இருபத்தொரு வயது ஆகும்வரை. ஆகவே என்னுடையது 2031 ஆகஸ்டுவரை அந்த மேல்மாடி அலமாரியில் இருக்கும். பிறகு துண்டுதுண்டாக வெட்டி அழிக்கப்படும். எந்த நாளில் அழிக்கப்பட்டது என்ற ஒற்றை வரி மட்டும் ஒரு பதிவேட்டில் நிற்கும்.

மதிப்பெண் தரச் சொன்னால் ஐந்துக்கு நான்கு தருவேன். குறைந்த ஒன்று அந்தப் பிப்ரவரி மாலைக்கான 1,250 ராண்டுக்காக.